மறுதாம்புச் சோளம்

வெள்ளாட்டைப் போல நாக்கு ருசி பார்க்கிற சீவன் கிடையாது. திருவாதவூர்ப் பக்கத்துப் பொட்டலில் மேய்த்தவள் சொல்கிறேன். கொழுக்கட்டைப்புல் இளசாக இருந்தால் நுனியைக் கடிக்கும். தண்டு முற்றிவிட்டால் மோந்துகூடப் பார்க்காது. அருகம்புல் என்றால் உசிர். எருக்கைக் கண்டால் ஒதுங்கிப் போகும்.

யுத்தம் நடந்த காலத்தில் ஒரு கோடை, அம்புட்டும் தலைகீழாகிவிட்டது. பொட்டலில் புல்லின் வேர்கூட மிச்சமில்லை. எங்கள் மந்தைக்கு முன்னால் போகிற கிடாய் ஒருநாள் எருக்கிலையை மென்றுகொண்டு நின்றது.

என் மகன் அப்போது கைக்குழந்தை. எனக்குப் பால் வற்றிவிட்டது, ஊரில் கறவை மாடுகளும் வற்றிவிட்டன. ஒரே ஒரு கருப்பாடு கறந்ததில்தான் அவன் உசிர் பிழைத்துக் கிடந்தான்.

நடுவில் ஒரு மழை தூறியது. அறுத்த சோளக்கட்டையெல்லாம் மறுதாம்பு துளிர்த்து, காடே பச்சையாக நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. காய்ந்து துளிர்த்த சோளம் விஷம் என்று என் பிறந்த வீட்டில் ஆட்டை அண்டவிட மாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஏ புள்ள, ஆட்டுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? ஆகாததை அது தொடாது."

"நேத்து எருக்கைத் தின்னுச்சே, பாக்கலயா? பசிக்கு நாக்கு ஏதுங்க?" என்று கத்தினேன். கேட்கிற ஆளா அவர்? "மத்ததை ஓட்டிட்டுப் போய்த் தொலைங்க, கருப்பாட்டைத் தொட்டா நடக்கிறதே வேற" என்று அதை ஆட்டுக் கொட்டத்தில் கட்டிவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணிக்குப் போனேன்.

திரும்பி வந்தால் முளைக்குச்சியில் வெறும் கயிறு கிடந்தது.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். சோளக்காட்டில் ஆடுகள் மூச்சு இழுத்துக்கொண்டு, நுரை தள்ளி, அங்கங்கே காலை உதைத்துக்கொண்டு கிடந்தன. கருப்பாடு வரப்போரம் விழுந்து அடங்கியிருந்தது. வாயில் இன்னும் பச்சை.

"பச்சை தின்னா பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் பால் ஊறுமேன்னுதான்..." என்றார் அவர். பாவி மனுசன், பிள்ளை மேல் ஆசைப்பட்டுத்தான் அவிழ்த்திருக்கிறார்.

கருப்பாட்டின் மடி கனத்துக் கிடந்தது. என் இடுப்பில் இருந்த பிள்ளை அதைக் கண்டதும் கையை நீட்டி நீட்டி அழுதான். நான் கறக்கவில்லை.