வேப்பிலைக் கயிற்றுக்கு வெளியே

மழை விட்ட காலை. தெருமுனைச் சாக்கடையில் நகராட்சி ஆள் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனான். அந்த நெடி மூக்கில் ஏறும்போதே பக்கத்து வீட்டு வானொலி, இன்று பள்ளிகளுக்கு விடுமுறை என்று சொல்லி முடித்தது. எதிர்வீட்டு ஆசிரியை கட்டிய சேலையோடு மறுபடி போய்ப் படுத்துவிட்டாளாம். அவள் மாமியார் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். எனக்கென்னவோ கெண்டைக்கால்தான் வலித்தது.

சிரிக்காதீர்கள். அந்த நெடிக்கும் என் கெண்டைக்காலுக்கும் பழைய உறவு உண்டு.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். ராஜபாளையத்தில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு தினமும் சைக்கிளில் போய்வருவேன். வாத்தியார்களில் சைக்கிள் வைத்திருந்தது இரண்டே பேர். மற்றவருக்கு மூலம். ஆகவே பள்ளிக்கூடத்து அலைச்சல் எல்லாம் என் தலையில் விடியும்.

பொங்கல் லீவில் வாத்தியார்கள் அவரவர் ஊருக்குப் போயிருந்தார்கள். அப்போதுதான் மடவார் வளாகம் பக்கம் வாந்திபேதி கண்டது. நாலைந்து நாளில் ஊர் முழுக்கப் பிளீச்சிங் பவுடர் நெடி. எட்டு நாளைக்குப் பள்ளியைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. தலைமையாசிரியர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். அதிர்ந்து பேசாத மனிதர். என்னைக் கூப்பிட்டு விட்டார்.

"பிள்ளையளுக்குத் தமுக்கு அடிச்சுச் சொல்லிருவாக தம்பி. நம்ம வாத்தியாருமாருக்கு யாரு சொல்லுவா? தபால்காரரே தெருவுக்குள்ள போகப் பயப்படுதாரு. விவரம் தெரியாம யாராச்சும் கெளம்பி வந்துட்டா என்ன செய்ய?"

அவ்வளவுதான். காலரா ஊசி போட்ட கை வீங்கியிருக்க, மறுநாளே சைக்கிளை எடுத்தேன். யுத்தத்தில் டயர் கிடைக்காது. கிழிந்த இடத்தில் பழைய டயர்த் துண்டை வைத்துக் கட்டியிருந்தேன். சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை என்னைத் தூக்கிப் போடும்.

மம்சாபுரத்தில் ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள். பாதைக்குக் குறுக்கே வேப்பிலை கட்டிய கயிறு. அதற்குப் பின்னால் கம்புகளோடு நாலு ஆள்.

"ஏலே, அங்கனயே நில்லு! வில்லிபுத்தூர்ல இருந்தா வாற?"

எங்கள் டிரில் மாஸ்டரை வரவழைத்தார்கள். அவர் பழைய பட்டாளத்துக்காரர். அவர் தூரத்தில் நின்று மைதானத்துக் குரலில் கேட்க, நான் தொண்டை கிழியப் பதில் சொல்ல, ஊரே நின்று கேட்டது. "அப்ப இன்னும் எட்டு நாளைக்கு வாத்தியாரு வீட்லதானா? பாவம், அவரு பொஞ்சாதி" என்றார் ஒரு பெரியவர். டிரில் மாஸ்டர்கூடச் சிரித்துவிட்டார்.

வ. புதுப்பட்டியிலும் அதே கயிறு. அங்கே எங்கள் தமிழ்ப் பண்டிதர். அவருக்குக் கத்த வராது. நான் கத்துவதைக் கேட்டுவிட்டு, புரிந்தது என்பதற்கு அடையாளமாகக் கையைக் கூப்புவார். அவர் மனைவி ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து கயிற்றுக்கு வெளியே வைத்துவிட்டு விலகிப் போவார். நான் குடித்துவிட்டுச் செம்பை அங்கேயே வைத்துவிட வேண்டும். அதற்கு மேல் அதைச் சாம்பல் போட்டு எத்தனை தடவை தேய்த்தாரோ!

எட்டு நாள் என்றது இன்னும் எட்டு நாள் என்றாயிற்று. பிறகு இன்னும் எட்டு. சனிக்கிழமைதோறும் அதே பாதை, அதே சேதி. அக்கா வீட்டில் குழந்தைகள் இருந்ததால் எனக்குச் சோறு மாட்டுக் கொட்டிலில். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவேன், மாடு இலையை இழுக்கும்போது விழிப்பு வரும்.

ஒரு சனிக்கிழமை காலை தலைமையாசிரியரைப் பார்க்கப் போனால், பூட்டிய பள்ளிக்கூட வாசலில், மடியில் குடையை வைத்துக்கொண்டு பண்டிதர் உட்கார்ந்திருக்கிறார்.

"திங்கக்கெழம தெறக்காகன்னு வத்திராயிருப்பு பஸ்ஸுல வந்தவுக சொன்னாகளாம். முன்கூட்டியே வந்துருவோமேன்னு நேத்தே வந்துட்டேன்."

முதல் நாள் சாயங்காலம் ஏதோ ஒரு கிளப்புக் கடையில் சாப்பிட்டு, வழியில் கிடைத்த தண்ணீரைக் குடித்திருக்கிறார். திரும்பப் போகலாம் என்றால் ஊரில் உள்ளே விடமாட்டார்கள். தலைமையாசிரியர் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். அயலார் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத பண்டிதர், அந்த வீட்டுக் கட்டிலில் கூசிக் கூசிப் படுத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்கும் வாந்திபேதி கண்டுவிட்டது. ஊருக்கு வெளியே தோப்பில் போட்டிருந்த காலராக் கொட்டகைக்கு வண்டியில் கொண்டுபோனோம்.

"அவிய வீட்டம்மாவுக்குச் சொல்லணுமே தம்பி" என்றார் தலைமையாசிரியர். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினேன். கிருஷ்ணன்கோவில் தாண்டும்வரை ஒரே யோசனை. பள்ளிக்கூடம் இல்லை என்று கத்தலாம். இதை எப்படிக் கத்துவது? எந்த வார்த்தையை முதலில் போடுவது? மிதிக்க மிதிக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் அது ஊருக்குச் சொல்வதாகத்தான் இருந்தது.

கயிற்றருகே அந்த அம்மாள் வந்து நின்றார். கையில் செம்பு இல்லை.

"என்ன தம்பி, இன்னைக்குச் சனிக்கெழம இல்லையே?"

வாயைத் திறந்தேன். கம்புக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து மூடிக்கொண்டேன். அந்த அம்மாள் என்னையும் அவர்களையும் பார்த்தார்.

"நீங்க அங்கன நின்னு கத்த வேண்டாம். நான் வாரேன்."

"கயித்தத் தாண்டுனா பொறவு உள்ள விடமாட்டோம் தாயி. பாத்துக்கோங்க" என்றார் கம்பு வைத்திருந்தவர்களில் ஒருவர். மிரட்டலாக அல்ல, கெஞ்சலாகத்தான் சொன்னார்.

"எப்ப விடுவியன்னு நான் கேட்டனா?"

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து, கயிற்றைக் கடந்து வந்தார். சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து பக்கத்து வேரைக் காட்டினார். நானும் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். அத்தனை வாரத்தில் நான் கத்தாமல் சொன்ன ஒரே சேதி அது.

"பேச்சு இருக்கா?"

"இருக்கும்மா."

"என்ன சொல்லுதாவ?"

"உங்கள வரவேண்டாம்னு சொல்லச் சொன்னாக."

அவர் எழுந்து சேலை மண்ணைத் தட்டினார். "அவிய அப்படித்தான் சொல்லுவாவ. நடங்க போவோம்."

எந்த வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிருஷ்ணன்கோவில்வரை நடந்தோம். அங்கிருந்து, பெட்ரோல் பஞ்சத்தில் அடுப்புக்கரியில் ஓடிய கரிவாயு பஸ், புகைந்து புகைந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர் கொட்டகைக்குள் போய்க் கணவர் தலைமாட்டில் உட்கார்ந்தார். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றினார். பக்கத்துப் பாய்களில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போனார்கள். பண்டிதர் பிழைத்தார்.

ஆனால் புதுப்பட்டியில் அவர்களை உடனே சேர்க்கவில்லை. தலைமையாசிரியர் யாரையும் கேட்காமல் ஆறாம் வகுப்பு அறையைத் திறந்து அவர்களைக் குடிவைத்தார். பள்ளி திறந்த பிறகும் கொஞ்ச நாள் அங்கேதான் இருந்தார்கள். நான் சரித்திரம் நடத்திக்கொண்டிருப்பேன். அந்த அம்மாள் ரசம் தாளிக்கும் பெருங்காய வாசனை வரும். பையன்களுக்குப் பானிப்பட்டு மறந்துபோகும். எனக்கும்தான். பண்டிதரின் குரல் ஒடுங்கியது ஒடுங்கியதுதான். அவர் வகுப்பில் மட்டும் பையன்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக வத்திராயிருப்பு போனேன். பண்டிதருக்குப் பின் அந்த அம்மாளும் போய்ச் சேர்ந்தே பல வருஷமாகிவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த மரத்தைத் தேடினேன். சாலையை அகலப்படுத்தியிருக்கிறார்கள். இருபுறமும் ஒரு புளியமரம்கூட இல்லை. எங்கே ஊர் முடிந்தது, எங்கே கயிறு கட்டியிருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டக்டர் புதுப்பட்டி, புதுப்பட்டி என்று இரண்டு தடவை கூப்பிட்டார். இறங்க எனக்கு அங்கே யாரும் இல்லை.