பெட்ரோல் டேங்கில் ஒரு ஓட்டை அதிகம்

என் தம்பி தகரக் கத்தரியால் ஒரு வட்டம் வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டியதை அரத்தால் ராவுவான், ஓட்டையின் மேல் வைத்துப் பார்ப்பான், முனகுவான், மறுபடி ராவுவான். முன்னால் பெஞ்சில் ஒரு மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க் கவிழ்ந்து கிடந்தது. வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோகிற ஒருவருடையது. அவர் வண்டியின் சொந்த டேங்க் துருப்பிடித்துப் போகவே, பழைய சாமான் கடையில் வேறு மாடல் டேங்க் ஒன்றை வாங்கி வந்திருந்தார். அதன் அடியில் குழாய் மாட்ட இரண்டு ஓட்டைகள். இவர் வண்டிக்கு ஒன்று போதும். மற்றதை அடைத்துத் தரவேண்டும்.

"மதியத்துக்குள்ள தர்றேன்னு சொன்னீங்களே" என்று அவர் போனில் கேட்டது எனக்கும் காதில் விழுந்தது.

"மதியம் இன்னும் வரல. வந்தா சொல்லி அனுப்புறேன்" என்று போனை வைத்தான்.

அக்கம்பக்கத்தில் அவனுக்குச் சிடுசிடு என்று பெயர். கோபம் அவனோடு கூடப் பிறந்தது. நானும் கூடப் பிறந்தவள்தான், ஆனால் அவன் செல்லம் கொடுத்தது கோபத்துக்கு. பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, முதலாளியோடு சண்டை போட்டு வெளியேறி, வீட்டின் முன்னறையில் இந்தக் கடையைப் போட்டான். அதன்பின் சண்டைக்கு முதலாளி இல்லாததால் வாடிக்கையாளரோடு போடுகிறான். ஆனாலும் அவனிடம்தான் வருவார்கள். அவன் பித்தளை வைத்துப் பற்றவைத்த இடம் விரலால் தடவினால் தெரியாது.

நான் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்றவள். தீக்காயங்களுக்குக் கட்டு மாற்றியிருக்கிறேன். அதனால் அவன் தொழிலில் ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். பெட்ரோல் வடித்த காலி டேங்குதான் ஆபத்து. உள்ளே தங்கிய ஆவிக்கு ஒரு பொறி போதும். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கழுவுவான், காயவைப்பான், கடைசியில் மூக்கை வைத்து முகர்வான். வாடை இருந்தால் திரும்பக் கழுவுவான். அந்த மூக்கைத் தவிர வேறு கருவி எதுவும் அவன் வைத்துக்கொண்டதில்லை.

அன்றும் முகர்ந்தான். "சுத்தம்" என்றான். பற்றவைக்கிற டார்ச்சை எடுத்துக்கொண்டு கேஸ் சிலிண்டரைத் திறந்தான்.

வாசலில் நின்ற எனக்குப் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. நேரே போய் சிலிண்டரை மூடினேன்.

"என்னக்கா பண்ற? கைய எடு."

"பெட்ரோல் நாறுதேடா."

"பட்டறைன்னா நாறத்தான் செய்யும். பூக்கடையா வச்சிருக்கேன்?"

ஜுரம் வந்து போனதிலிருந்து அவனுக்கு மனைவியின் சமையல் எதுவும் இறங்கவில்லை. மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான். அது ஞாபகம் வந்தது. வாதாடி அவனை ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. மூலையில் பெட்ரோல் வடித்து வைத்திருந்த டப்பாவில் ஒரு துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து கொண்டுவந்தேன்.

"வேர்த்துக் கொட்டுது பாரு. ஈரத்துணி, மூஞ்சியத் துடைச்சுக்க."

வாங்கி முகத்துக்குக் கொண்டுபோனான். கன்னத்தில் படுவதற்குள் பிடுங்கிவிட்டேன்.

"இது எதுல நனைச்சது, சொல்லு."

அவன் துணியைப் பார்த்தான். டப்பாவைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

"ஜுரத்துலேர்ந்தே வாடை தெரியலையா?" என்றேன்.

"ஆமா."

"அதுக்கப்புறமும் டேங்குல நெருப்பு வச்சிருக்க."

"ஒரு தடவை கூடுதலா கழுவுறேன்ல."

"அது போதும்னு யாரு சொன்னா? உன் மூக்கா?"

அறைந்துவிடக் கூடாதே என்று துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"வெளிய சொல்லிடாதக்கா. வாடை தெரியாதவன்கிட்ட எவன் டேங்க் குடுப்பான்? கடைய மூட வேண்டியதுதான்."

அவன் மனைவி ஈரக்கையோடு நடுக்கதவில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அப்ப என் சமையல்ல குத்தம் இல்ல" என்றாள்.

அவன் அரத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

"கேக்குறேன்ல. எத்தன கடை மாத்தி எண்ணெய் வாங்கினேன். எங்கம்மா வீட்டுலயே எவளுக்கும் கை மணக்காதுன்னு வேற சொன்னீங்க."

"இப்ப அதுவா முக்கியம்?"

"எனக்கு அதான் முக்கியம். வெடிச்சிருந்தா நீங்க மட்டுமா போயிருப்பீங்க? இந்தச் சுவத்துக்கு அந்தாண்ட அடுப்படி. அங்க நான்தான் நிக்கிறேன், உங்களுக்கு ருசியா ஆக்கிப் போட. கேட்டுக்குங்க அண்ணி, உங்க தம்பிய."

அவன் தகர வட்டத்தைத் தெருவில் வீசினான். நாங்கள் இருவரும் சேர்ந்துகொண்டு அவன் பிழைப்பில் கை வைக்கிறோம் என்று கத்தினான். கத்தி முடியட்டும் என்று நின்றேன்.

"போன வாடை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். டாக்டரைப் பாரு. அதுவரைக்கும் டேங்குல நெருப்பு கிடையாது. பத்தவைக்காம அந்த ஓட்டைய அடைக்க வழி இருக்கா இல்லையா?"

"இருக்கு. தகடு வச்சு போல்ட் போடுறது. அத எவன் வேணா பண்ணுவான்."

"அப்ப நீயும் பண்ணு."

அவன் ஷட்டரை இழுத்துவிட்டான்.

மறுநாள் காலையில் நான் போனபோது ஷட்டர் திறந்திருந்தது. கனமான தகட்டை அளவெடுத்து வெட்டி, போல்ட்டுக்குத் துளை போட்டு வைத்திருந்தான். அடியில் வைக்க சைக்கிள் ட்யூப் ரப்பர் ஆகாது, பெட்ரோலில் ஊறி உப்பிவிடும் என்று, பெட்ரோல் தாங்குகிற ரப்பராகவே வாங்கி வந்திருந்தான். குழாய் மாட்டுவதற்கென்று டேங்கில் இருந்த திருகுத் துளைகளிலேயே இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான். பார்சல்காரர் நேற்றைய கோபத்தோடு வந்து நின்றார்.

"என்னங்க இது, பத்தவைக்கலையா?"

"எனக்கு மூக்கு வேலை செய்யல. வாடை தெரியாதவன் டேங்குல நெருப்பு வைக்கக் கூடாது. வேணாம்னா எடுத்துட்டுப் போங்க."

அவர் தகட்டைக் குனிந்து பார்த்தார். "ஒழுகாதுல்ல?"

"ஊத்திப் பாத்துட்டுப் பேசுங்க."

மற்ற ஓட்டையில் குழாயை மாட்டி, டேங்கை நிமிர்த்தி இரண்டு கட்டைகளின் மேல் வைத்து, பெட்ரோல் ஊற்றினார்கள். அடியில் ஒரு செய்தித்தாளை விரித்தான் தம்பி. சொட்டு விழுகிறதா என்று காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி குனிந்து தகட்டருகே மூக்கைக் கொண்டுபோனாள்.

"வாடை வருதா?" என்று அவளைப் பார்க்காமலே கேட்டான்.

"இருங்க" என்றாள். நிதானமாக இன்னொரு முறை முகர்ந்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.