காற்றைச் சேர்க்காத கணக்கு

பகைவரின் பீரங்கி எங்கே நிற்கிறது என்பதை அதன் சத்தத்தைக் கொண்டே கண்டுபிடிக்கும் பிரிவில், ராணுவத்தில் இருந்தேன். மைக்ரோபோன்களைத் தள்ளித் தள்ளி வைப்போம். சத்தம் ஒவ்வொன்றையும் எட்டிய நேர வித்தியாசத்திலிருந்து வரைபடத்தில் ஒரு புள்ளி கிடைக்கும். நம் பீரங்கிகள் அதை நோக்கிச் சுடும். எதிர்ப்பக்கம் அடங்கிவிட்டால் கணக்கு சரி என்று எடுத்துக்கொள்வோம். இப்போது பெரும்பாலும் ரேடார் அந்த வேலையைச் செய்கிறது.

ஓய்வுபெற்று வெண்ணந்தூரில் இருக்கிறேன். போன ஆடியில் ஊரை ஒட்டிய கரட்டில், அந்தப் பாறைக் குன்றில், யாரோ அனுமதியில்லாமல் பாறைக்கு வெடி வைத்தார்கள். தறிக்கூடச் சுவர்கள் விரிசல் விட்டன. குவாரிக்காரர்கள் எல்லோரும் தாங்கள் இல்லை என்று கைவிரித்தார்கள்.

"மிலிட்டரில நீங்க இதத்தானுங்களே பண்ணீங்க?" என்று ஊரார் என்னிடம் வந்தார்கள். பெருமையாக இருந்தது.

நான்கு செல்போன்களை ஒன்றாக வைத்து, ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஒரு பட்டாசு வெடித்தேன். அந்தச் சத்தம்தான் நான்கு பதிவுகளுக்கும் பொதுவான தொடக்க நேரம். பிறகு அவற்றை வெவ்வேறு மாடிகளுக்கு அனுப்பினேன். பொழுது சாயும்போது வெடி பதிவானது. கணக்குப் போட்டதில், புள்ளி கரட்டின் கிழக்குச் சரிவில் ஒரு சிறு குவாரியில் விழுந்தது.

அங்கே ஒருவர் மனைவியோடு அஸ்திவாரக் கல் உடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் வெடியே வெக்கறதில்லீங்க. ஆப்பும் சம்மட்டியுந்தானுங்க."

"கணக்கு பொய் சொல்லாது," என்றேன்.

ஊரார் அவருடைய கல் வண்டியை மறித்தார்கள். மறுநாளிலிருந்து வெடிச்சத்தமும் இல்லை. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

மாடியில் காயப்போட்ட வேட்டி கிழக்கே படபடப்பதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஆடிக் காற்று சத்தத்தையும் தள்ளிக்கொண்டு போகும். ராணுவத்தில் காற்றின் வேகத்தை வேறொருவர் அளந்து தருவார். இங்கே நான் அதை மறந்திருந்தேன். சேர்த்துப் போட்டதும் புள்ளி மேற்கே, பெரிய குவாரிக்கு நகர்ந்தது. அந்தக் குவாரிக்காரர் பயந்து வெடியை நிறுத்தியிருக்கிறார். அன்று கல் உடைப்பவர் இன்னும் ஊரில்தான் இருந்தார். நான் வாய் திறக்கவில்லை. சில நாளில் அவர் குடும்பத்தோடு வாழப்பாடிக்குப் போய்விட்டார்.

போன வாரம் அங்கே போனேன். மண்டி வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"காத்து அன்னைக்கே அடிச்சுதுங்களே," என்றார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவும்? வண்டிய மறிச்சவங்ககிட்டச் சொல்லுங்க."

ஊர் திரும்பியதும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் சொன்னேன். வண்டியை முதலில் மறித்தவர் சிரித்தார்.

"அதான் சத்தம் நின்னு போச்சுங்களே. அப்புறம் என்னங்க?"

இத்தனை வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். எல்லைக்கு அப்பால் என் புள்ளிகளில் யார் இருந்தார்கள் என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பட்டாசிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினேன்.