சூடு காட்டக் கூடாத எண்ணெய்

தலைக்கு வைக்கிற ஆர்கன் எண்ணெய் ஆட்டுப் புழுக்கையிலிருந்துதான் எடுக்கப்படுகிறதாம். சாம்பவி இதைக் கண்ணால் கண்டவள் இல்லை. ஜெர்மனியில் இருக்கும் அவளுடைய மச்சாளோடு வேலை செய்கிற ஒருத்தி மொறோக்கோவுக்குச் சுற்றுலா போனாளாம். அங்கே ஆடுகள் மரத்தில் ஏறி நின்று பழம் தின்றனவாம். பின்னால் பெண்கள் கூடையோடு போனார்களாம். மிச்சத்தைச் சாம்பவி மூக்கைப் பொத்திக் காட்டினாள்.

தமிழ் வகுப்பு விடும்வரை வாசலில் காத்து நின்ற தாய்மார் அத்தனை பேரும் திரும்பிக் குகனேஸ்வரியின் தலையைப் பார்த்தார்கள்.

"குகாக்கா, நீங்கள் அதைத்தானே வைக்கிறனீங்கள்?"

"புழுக்கையிலை எண்ணெய் வருமெண்டால் உன்ர அப்பர் ஏனடி ஆட்டுப்பட்டியை வித்துப்போட்டு உன்னை இஞ்சை அனுப்பினவர்?"

எல்லோரும் சிரித்தார்கள். சாம்பவியும் சிரித்தாள். ஆனால் விடவில்லை. "பகிடி விடாதேங்கோ அக்கா. வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் அதைப் பூசிக்கொண்டே வாறனீங்கள்? ஐயர் பாவம்."

"அந்த எண்ணெயை ஆர் எடுக்கிறது எண்டு எனக்குத் தெரியும். ரக்கியாவின்ர தாய். அந்த மனுசி தன்ர கையாலை எடுக்கிற எண்ணெய்" என்றாள் குகனேஸ்வரி. கோபத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அந்த மனுசிக்காகத் தான் இப்படிச் சண்டை பிடிப்பது அவளுக்கே புதிதாக இருந்தது.

ரக்கியாவும் அவளும் இத்தாலியில், போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் ஒரு பொரியல் கடைக் குசினியில் வேலை செய்பவர்கள். கடலை மாவைத் தண்ணீரில் கரைத்துக் களியாகக் கிண்டி, பரப்பி, ஆறவிட்டுத் துண்டு துண்டாக வெட்டிப் பொரித்தால் பனெல்லே. அதை நாள் முழுக்கப் பாணுக்குள் வைத்து விற்கிற கடை. கிண்டுவது ரக்கியா, பொரிப்பது குகனேஸ்வரி. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து வந்த புதிதில் இத்தாலியச் சின்யோராமாரின் வீடுகளைத் துடைத்துத் திரிந்தவள், முழங்கால் பிடித்த பிறகு இந்தப் பொரிக்கிற தாச்சிக்கு முன்னால் வந்து நின்றாள். பிறகு நகரவேயில்லை.

சூரியகாந்தி எண்ணெயின் ஆவி அவளுடைய தலைமயிருக்குள் குடியேறிவிட்டது. எத்தனை முழுகினாலும் போகாது. வீடு இருக்கிற பிரான்காச்சோவுக்குப் போகிற பஸ்ஸில் மகள் ஆரணி ஒரு சீட் தள்ளித்தான் இருப்பாள். "மம்மா, ஃப்ரித்தோ மணக்குது. என்ர பிரெண்ட்ஸ் ஏறுவினம்" என்பாள். குகனேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். பொரியல் மணம் கூடப் பரவாயில்லை. சீப்பில் கொத்துக் கொத்தாக வருவதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. கலியாணத்தன்று பின்னலுக்குப் பூ போதாமல் திரும்பவும் ஆள் அனுப்பி வாங்கினார்கள். அந்தத் தலை இது.

அப்போதுதான் ரக்கியா முதல் போத்திலைக் கொண்டுவந்து கொடுத்தாள். ரக்கியாவின் இத்தாலியனும் இவளுடைய இத்தாலியனும் இரண்டும் அரைகுறை. ஆனாலும் பல வருஷம் ஒரே அடுப்படியில் வெந்ததில், குகனேஸ்வரியின் காதுக்குள் ரக்கியா யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைப்பாள்.

"ஈரத் தலையிலை ரெண்டு துளி. கையிலை தேய்ச்சு நுனிக்கு மட்டும். மிச்சத்தை முகத்திலை தடவு."

"ரெண்டு துளியோ? எங்கட தலைக்கு அது நாக்கை நனைக்கவும் காணாது."

"குளிக்க வார்க்காதை எண்டு சொல்லுறன்! இது தேங்காய் எண்ணெய் இல்லை. ஒரு போத்திலுக்கு யெம்மா எத்தினை நாள் கல்லோட இருக்கிறா தெரியுமே?"

யெம்மா என்றால் அம்மா. மொறோக்கோவின் தெற்கே, மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஊர். ஆடு மரத்தில் ஏறுவது உண்மைதான் என்று ரக்கியாவே சொல்லியிருக்கிறாள். சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பும். அதையும் பொறுக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். யெம்மா தொடமாட்டா. தானாகக் காய்ந்து விழுகிற பழத்தை மட்டும் பொறுக்கி, வெயிலில் போட்டு, தோலை உரித்து, உள்ளே இருக்கிற இரும்பு மாதிரிக் கொட்டையை ஒரு கல்லில் நிறுத்தி மற்றக் கல்லால் தட்டி உடைப்பா. பருப்பு மாதுளை முத்தை விடக் கொஞ்சம் பெரிது. சமையலுக்கென்றால் வறுப்பார்கள். தலைக்கும் தோலுக்கும் பச்சையாகவே திரிகையில் அரைத்து, இளஞ்சூட்டுத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பிசைந்தால், களி இறுகி இறுகி ஒரு கட்டத்தில் எண்ணெயைக் கக்கும். பிண்ணாக்கு ஆட்டுக்கு.

"ஒண்டு மட்டும் மறந்துபோகாதை. அடுப்பைக் காட்டாதை. சூடு பட்டால் அதின்ர சத்துப் போச்சு" என்பாள் ரக்கியா.

குகனேஸ்வரி காட்டவில்லை. சில மாதத்தில் சீப்பில் வருவது குறைந்தது. தாச்சி தெறித்து முழங்கையில் கிடந்த பழைய கறுப்புத் தழும்பு மங்கியது. மாவிலும் சோப்பிலும் வெடித்துக் கிடந்த விரல்கள் மூடிக்கொண்டன. ஒருநாள் பஸ்ஸில் ஆரணி பக்கத்துச் சீட்டில் வந்து இருந்தாள். அன்றிலிருந்து குகனேஸ்வரிக்கு முகம் தெரியாத அந்த மனுசி மேல் ஒரு பாசம்.

முகம் தெரியாது என்று சொல்லவும் முடியாது. முன்பெல்லாம் வீடியோவில் யெம்மா வருவா. வெடித்த பெருவிரல் நகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து காட்டிச் சிரிப்பா. பிறகு தாயின் போனில் கமரா பழுது என்றாள் ரக்கியா. வெள்ளிக்கிழமைகளில் குரல் மட்டும் வரும். எல்லாம் நல்லம், மழை பெய்தது, மரம் காய்த்திருக்கு.

ரக்கியாவின் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்து இழுபட்டுக்கொண்டே கிடந்ததால் அவள் ஊருக்குப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. ஆனால் ஊருக்கும் இங்கேயும் சாமான் ஏற்றி ஓடுகிற வான்காரனிடம் போத்தில் மட்டும் தவறாமல் வரும். "போத்தில் வந்தால் மரம் நிக்குது எண்டு அர்த்தம், குகா. யெம்மாவின்ர கையும் நல்லா இருக்கு எண்டு அர்த்தம்" என்பாள். வந்த அன்று குசினிக்குள் ஒரு சின்ன ஆட்டமும் ஆடுவாள். யாழ்ப்பாணத்து நம்பரிலிருந்து அழைப்பு வந்தாலே மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்கிற குகனேஸ்வரிக்கு, இப்படி ஒரு நிச்சயம் கையில் இருப்பவளைப் பார்க்கப் பொறாமையாகக் கூட இருந்தது.

அன்று தமிழ் வகுப்பிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் புழுக்கைக் கதை அவளை விடவில்லை. நம்பவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை. யெம்மா தொடமாட்டா, சரி. கூடையில் தவறி ஒன்று விழுந்திருந்தால்? வெள்ளிக்கிழமை கோயில். அண்மையில் வானில் வந்த புதுப் போத்திலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளுக்கு வீட்டு வழக்கம்தான் கைகொடுத்தது. காய்ச்சிவிட்டால் எல்லாம் சுத்தம். தேங்காய் எண்ணெயைக் காய்ச்சுவதில்லையா? கறிவேப்பிலையும் வெந்தயமும் போட்டால் சத்தும் கூடும். ரக்கியாவுக்குத் தெரியவா போகிறது.

சின்னத் தாச்சியில் கொஞ்சம் வார்த்து நெருப்பைத் தணித்து வைத்தாள். கறிவேப்பிலையைக் கழுவி உதறினாள். இலை இன்னும் கையில்தான் இருந்தது. எண்ணெயிலிருந்து மணம் எழும்பியது.

கடையை யாரோ வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது போலக் குகனேஸ்வரி திரும்பிப் பார்த்தாள்.

காலையில் புது எண்ணெய்த் தகரத்தை உடைத்துப் பெரிய தாச்சியில் ஊற்றி, முதல் சூடு ஏறும்போது வருகிற மணம். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். சூரியகாந்தி.

அலுமாரியைத் திறந்து போன வருஷத்துப் போத்திலைத் தேடி எடுத்தாள். அடியில் கொஞ்சம் கிடந்தது. கரண்டியில் விட்டுச் சூடு காட்டினாள். பச்சைப் பருப்பு வாட்டிய மாதிரி, மெல்லிசாக, வேறொரு மணம் வந்தது. இரண்டையும் மாறி மாறி மணந்தாள். பிறகு அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

முதலில் கோபம்தான் வந்தது. சாம்பவிக்கு முன்னால் இந்த மனுசிக்காகவா தொண்டை கிழியக் கத்தினேன்? கள்ளி. பிறகு, வெடித்த நகத்தைக் காட்டிச் சிரித்த முகம் ஞாபகத்துக்கு வந்தது. காசுக்கு விற்பவள் கலந்தால் களவு. பெற்ற பிள்ளைக்கு அனுப்புகிற போத்திலில் ஒரு தாய் எதற்குக் கலக்கிறாள்?

கமரா பழுது. மழை பெய்தது. மரம் காய்த்திருக்கு.

கறிவேப்பிலையைக் குகனேஸ்வரி குப்பையில் போட்டாள்.

ரக்கியாவிடம் சொல்வதில்லை என்று முடிவெடுத்துத்தான் திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். சொல்லி என்ன, போத்திலை ஆட்டி ஆட்டி ஆடுகிறவளின் ஆட்டத்தை நிறுத்துவதா? ஆனால் வாய் மூடியிருந்தாலும் தலை மூடியிருக்கவில்லை.

"என்ன, இண்டைக்குத் தலை வைக்கோல் மாதிரிக் கிடக்கு? எண்ணெய் போடேல்லையே?"

"நேரமில்லை."

"பொய். சொல்லு."

குகனேஸ்வரி ஆட்டுக் கதையைச் சொன்னாள். ரக்கியா அகப்பையைக் களிக்குள் விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்தச் சாம்பவியை இஞ்சை கூட்டிக்கொண்டு வா. யெம்மாவை போனிலை எடுத்துத் தாறன். அவவின்ர வாய்க்குத் தப்ப ஏலாது. கேள், உன்ர மகளுக்கெண்டு இன்னொரு போத்தில் கேட்டிருக்கிறன். அடுத்த வானிலை அனுப்புறாவாம்."

"வேண்டாம்!"

"ஏன் கத்துறாய்?"

"வயசான மனுசியை ஏன் கஷ்டப்படுத்துறாய்? வேண்டாமெண்டு சொல்லு."

"என்ன கஷ்டம்? இந்த வருஷம் கொப்பு முறியக் காய்ச்சிருக்காம்."

எங்கோ ஒரு கிழவி, இன்னொரு போத்திலை நிரப்புவதற்காகக் கடைக்கு நடந்து போவது குகனேஸ்வரிக்குத் தெரிந்தது. அதற்கு மேல் முடியவில்லை. பையிலிருந்து போத்திலை எடுத்தாள். தூர எறியவும் மனம் வராமல், வீட்டில் வைக்கவும் மனம் வராமல் கொண்டுவந்திருந்தாள். கிண்ணியில் கொஞ்சம் வார்த்து அடுப்பின் ஓரத்தில் வைத்தாள்.

"ஏய், என்ன செய்யிறாய்? சூடு காட்டாதை எண்டு எத்தினை தரம்..."

ரக்கியாவின் குரல் பாதியில் நின்றது. அவளும் இந்தக் குசினியில்தான் இத்தனை வருஷம் நிற்கிறாள்.

"நீ மாத்திப்போட்டாய்" என்றாள். "தாச்சி எண்ணெயை ஊத்திக்கொண்டு வந்திருக்கிறாய். உன்ர ஆக்களுக்கு முன்னாலை என்ர யெம்மாவைப் பகிடி பண்ண."

குகனேஸ்வரி மூடியைத் திருகி இறுக்கினாள். போத்திலை நீட்டினாள். ரக்கியாவின் வீட்டிலும் அதே வானில் வந்த ஒரு போத்தில் இருக்கிறது. எண்ணெயைக் குகனேஸ்வரி மாற்றியிருக்கிறாளா இல்லையா என்று போய்ப் பார்க்கலாம். ரக்கியா அதை நினைத்தாள் என்பது அவள் முகம் விழுந்த விதத்திலேயே தெரிந்தது.

ரக்கியா மா மூட்டையில் இருந்துவிட்டாள். போத்திலைத் திறந்து, சூடு படாத எண்ணெயில் ஒரு துளியை மணிக்கட்டில் விட்டுத் தேய்த்து மணந்தாள். திரும்பவும் மணந்தாள்.

"யெம்மாவின்ர எண்ணெயும் இதிலை இருக்கு, குகா. கொஞ்சம். கடைசியாக் கிடந்ததை விட்டிருக்கிறா. நான் மணந்து பாப்பன் எண்டு தெரியும்."

"ஓம்" என்றாள் குகனேஸ்வரி.

"வான்காரன் சொன்னவன். மழையே இல்லை, மரம் எல்லாம் காய்ஞ்சுபோய் நிக்குது, சனம் ஊரை விட்டுப் போகுது எண்டு. நான் அவனைப் பொய்யன் எண்டு பேசினனான். போத்தில் வந்ததே, பிறகென்ன எண்டு சண்டை பிடிச்சனான். அவன் போத்திலைப் பாத்தான், என்னைப் பாத்தான், வானை எடுத்துக்கொண்டு போயிட்டான்." அழவில்லை. கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே கதைத்தாள். "கமரா பழுதெண்டு நானும் நம்பினன். என்னத்தை எனக்குக் காட்டாமல் வைச்சிருக்கிறா?"

"எடுத்துக் கேள்."

"என்னெண்டு கேக்கிறது? ஏன் கலந்தனீ எண்டோ?"

"எண்ணெயைப் பற்றிக் கேளாதை. சாப்பிட்டியா எண்டு கேள்."

ரக்கியா எழுந்து, மணிக்கட்டை நனைக்காமல் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். தாய்க்கு முன்னால் போய் நிற்கப்போகிறவள் மாதிரி, தலைச் சீலையைச் சரிசெய்தாள். போனை எடுத்து அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மா மூட்டையின் மேல் வைத்தாள். இன்று வெள்ளிக்கிழமை இல்லை. திங்கட்கிழமை காலையில் அழைத்தால் யெம்மா பயந்து உடனே எடுப்பா. இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுக்கும்.

மணி போனது.

குகனேஸ்வரி கிண்ணியை இறக்கி ஒரு பக்கம் வைத்தாள். கவனிப்பாரில்லாத களி அடிப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. அகப்பையை எடுத்து அவளே கிண்டினாள். வெளியே யாரோ பனெல்லே கேட்டுச் சத்தமிட்டார்கள்.

"கிணத்தடியிலை நிப்பா" என்றாள் ரக்கியா.

"ஓம். நிப்பா."

ரக்கியா மணிக்கட்டை மூக்கடியில் வைத்தபடியே நின்றாள். மணி ஒரு தரம் ஓய்ந்து, திரை இருண்டது; பக்கத்து வீட்டுப் பிள்ளையும் எடுக்கவில்லை. அவள் திரும்பவும் அழுத்தினாள். மூட்டையின் மேல் போன் மாப் பிடித்தபடி கிடக்க, மணி போய்க்கொண்டேயிருந்தது.