வெளிப்பக்கத் தையல்

பிறந்த குழந்தையின் சட்டைக்குத் தையல் வெளிப்பக்கம் வர வேண்டும் என்பது எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். சொல்லித் தந்தவர் என் தாய்மாமன். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் குழந்தைத் துணி தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் அவர் கட்டிங் மாஸ்டர். பச்சைக் குழந்தையின் தோலுக்குத் தையல் விளிம்புகூட உறுத்தும், உறுத்துகிறது என்று அதற்குச் சொல்லவும் தெரியாது, அதனால் நாம்தான் முன்கூட்டி யோசிக்க வேண்டும் என்பார். இந்த ஒரு அறிவை வைத்துக்கொண்டுதான் அந்த வருடம் நான் எங்கள் குடும்பத்தைக் கலக்கினேன்.

மாமாவுக்கு நாற்பத்தேழு வயதில் கல்யாணம் ஆயிற்று. அதுவரை அப்புச்சியை, அதாவது அம்மாவின் அப்பாவை, பார்த்துக்கொண்டிருந்தார். அப்புச்சி ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்தார். அவர் போன பிறகு, இனி மாமா தனியாகவே இருந்துவிடுவார் என்று எல்லோரும் முடிவு செய்திருந்த நேரத்தில், அவர் கம்பெனியில் செக்கிங்கில் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டார். மதுரைப் பக்கத்துக்காரர். வயது நாற்பத்துநான்கு. முதல் கணவர் இறந்து பல வருடமாகியிருந்தது, குழந்தை இல்லை. துணியில் குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. மாமா வெட்டிய அளவிலேயே தப்புக் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிய ஒரே ஆள் அவர்தானாம். சண்டை போடப் போன மாமா, டேப் வைத்து அளந்து பார்த்து, தப்பை ஒப்புக்கொண்டு, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். ஆறு வருடம் டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் கல்யாணப் பேச்சை எடுத்தார்.

என் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை.

“இத்தன வயசுக்கு மேல என்னத்துக்குங்கண்ணா கலியாணம்? ஊரே சிரிக்குமுங்க.”

நம் சாதியும் இல்லை, நம் பேச்சும் இல்லை என்றார். கல்யாணத்துக்குப் போகவில்லை. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவார்கள். அம்மா அப்படிக் கூப்பிட்டதில்லை. ‘அந்தம்மா’ என்பதோடு சரி.

அத்தை மாமாவைக் கல்யாணத்துக்குப் பிறகும் மாஸ்டர் என்றுதான் அழைத்தார். மாமா அத்தையை ‘ஏனுங்க’ என்றார். பெண்டாட்டியை ஏனுங்க என்று கூப்பிடும் ஆம்பளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி, போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. அப்போது என் தம்பிக்குக் காதுகுத்து வந்தது. மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்த முடியாது. சீர்வரிசையின் முதல் தட்டை மாமன் மனைவி தூக்கி வர வேண்டும். வேறு வழியில்லாமல் அம்மா இருவரையும் அழைத்தார்.

எங்கள் யாருக்கும் தெரியாதது ஒன்று இருந்தது. ஆறு வாரத்துக்கு முன்பு, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில், புற்றுநோய்க்காக அத்தையின் இடது மார்பை எடுத்திருந்தார்கள். மருந்து ஊசி ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். இருவரும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், சீக்காளியைக் கட்டிக்கொண்டு வந்தான் என்று மாமாவைத்தான் பேசுவார்கள். சீர்த்தட்டை வேறு யார் கையிலாவது கொடுத்துவிடுவார்கள். முதன்முதலாகக் கிடைத்த அழைப்பு அது. அந்த ஒரு நாள் மாமாவின் மனைவியாக எல்லோர் முன்னிலும் நிற்க வேண்டும் என்பது அத்தையின் ஆசை. இதெல்லாம் போன மாதம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது வேறு.

காதுகுத்துக்கு எனக்குப் பாவாடை சட்டை தைப்பதாகச் சொல்லி, மாமா வந்து என்னைத் தம் வீட்டுக்குக் கூட்டிப்போனார். இரண்டு நாள் இருந்தேன். முதல் நாள் மத்தியானம் அவர் மிஷினில் உட்கார்ந்து, சந்தன நிறத்தில் மெல்லிய பனியன் துணியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பை தைத்தார். என் சட்டைக்கான பை அல்ல என்பது தெரிந்தது. தைத்ததைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு அதில் கடுகைக் கொட்டி, துணியின் எடை பார்க்கும் சின்னத் தராசில் வைத்தார். ஜன்னலோரம் ஏற்கெனவே இரண்டு பைகள் கிடந்தன. ஒன்றில் கட்டிங் வேஸ்ட், அதாவது வெட்டி மிஞ்சிய துணி, இன்னொன்றில் பஞ்சு.

அத்தை கடுகுப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். வெறுங்கையோடு வெளியே வந்து, கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். மாமா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“ஏனுங்க, இப்பச் செரியா இருக்குதுங்களா?”

“மொத ரெண்டும் காத்தா ஏறி ஏறிப் போச்சு. இது தாங்குது. ஆனா லேசா எறங்குது மாஸ்டர். ரிஜெக்ட்.”

“எத்தன கிராம் கொறைக்கட்டுமுங்க?”

“மாஸ்டர் நீங்களா நானா?”

சாயங்காலம் நான்காவது பை தயாரானது. அத்தை நடந்தார், திரும்பினார், கையைத் தூக்கி இறக்கினார். “பையர் அப்ரூவ்டு,” என்றார், துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர் சரி சொல்லிவிட்டார் என்று கம்பெனியில் சொல்வதுபோல. மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பெரிய ஆர்டர் முடித்தவர்போல இருந்தது முகம்.

அது என்ன என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தலகாணி தாயி,” என்றார் அத்தை.

“யாருக்குங்க?”

“எனக்குத்தான்.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நான் நம்பவில்லை. அவ்வளவு சின்னத் தலையணையில் அத்தை எப்படித் தலை வைப்பார்? கடுகு நிரப்பிய தலையணை எதற்கு என்பது எனக்குத் தெரியும். தம்பி பிறந்தபோது, அவன் தலை உருண்டையாக வர வேண்டும் என்று அம்மா அப்படி ஒன்று தைத்து வைத்திருந்தார். இதில் தையல் வேறு வெளிப்பக்கம் வந்திருந்தது. மறுநாள் காலையில் அத்தை வாந்தி எடுத்தார். தண்ணீர்க் குடத்தை மாமா தூக்க விடவில்லை. இளநீர் வாங்கி வந்து கொடுத்தார். எட்டு வயதுக்கு என் கணக்கில் பிழை எதுவும் இருந்ததாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை. அத்தைக்குப் பாப்பா பிறக்கப்போகிறது.

மூன்று மாதம் ஆகுமுன் இதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது என்று அம்மா யாரிடமோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் வாயைத் திறக்காமல் இருந்தேன். நான்கு நாள். அதுவே பெரிய காரியம்.

காதுகுத்து, குன்னத்தூர் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில். மாமா தம்பியை மடியில் வைத்து மொட்டைக்கு உட்கார்ந்துவிட்டார். வாசலில் சீர்த்தட்டுகள் அடுக்கியிருந்தன. முதல் தட்டு பித்தளை. அதில் ஐந்து தேங்காய், இரண்டு சீப்புப் பழம், சர்க்கரை, தம்பியின் துணிமணி.

“மாமன் பொண்டாட்டிதான் மொதல்ல புடிக்கோணும். புடிங்க,” என்று பெரியம்மா தட்டை எடுத்து நீட்டினார்.

அத்தை வாங்கினார். தட்டு இடது பக்கம் தாழ்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அடி வைத்தார். குடம் தூக்கக் கூடாதவர் இதை மட்டும் தூக்கலாமா? ஏதாவது ஆகிவிட்டால், தெரிந்தும் சொல்லாமல் இருந்தவள் நான்தானே? ஓடிப்போய்த் தட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“அத்தை தூக்கக் கூடாதுங்க! அவிய வயித்துல பாப்பா இருக்குது!”

மேளக்காரர்கூட ஒரு நொடி நிறுத்தியதாக நினைவு. நிறுத்தியிருக்க மாட்டார். பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

“அடி ஆத்தா! மாஸ்டரு சத்தமில்லாம வேலையக் காட்டிப்புட்டாருங்க!”

“பேரன் எடுக்கற வயசுல பேறு பாக்கோணுமாக்கும்,” என்றது இன்னொரு குரல். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாமா உள்ளே எழுந்திருக்க முடியாமல், பாதி மொட்டையோடு அலறும் தம்பியைப் பிடித்தபடி, “ஏனுங்க... ஏனுங்க...” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அத்தையின் கையைப் பிடித்து, எங்களை ஏற்றி வந்த வேனுக்குள் இழுத்துப்போனார். நானும் பின்னால் ஓடினேன். அம்மாவின் குரல் வெளியிலேயே கேட்டது.

“எங்க மானத்த வாங்கறதுக்குன்னே வந்தீங்களா?”

அத்தை ரவிக்கைக்குள் கைவிட்டு, அந்தச் சந்தன நிறப் பையை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். மெதுவாக ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அம்மா சொல்லி இப்போது தெரியும்: “இன்னைக்கு ஒரு நாள் அவரு பொண்டாட்டியா நின்னுக்கிறேன். சீக்காளியா நாளைக்கு நிக்கிறேன்.”

எனக்குத் தெரிந்ததெல்லாம் கையும் களவுமாகச் சாட்சி கிடைத்துவிட்டது என்பதுதான். வேன் படியில் ஏறி நின்று, “பாத்தீங்களாம்மா, தலகாணி! நாஞ் சொல்லல?” என்றேன்.

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். விழவில்லை. அம்மா அந்தப் பையின் தையலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு அத்தையிடம் திருப்பிக் கொடுத்து, அவர் அதை உள்ளே வைத்துக்கொள்ளும்வரை மறைத்து நின்றார். முந்தானையைச் சரிசெய்துவிட்டார்.

“வாங்க நங்கை,” என்றார்.

வெளியே வந்ததும் நேரே பெரியம்மாவிடம் போனார்.

“ஆமாங்க்கா. எங்க நங்கைக்கு நாள் தள்ளித்தான் இருக்குது. சிரிக்கறவிய சிரிச்சுக்குங்க. தட்ட ஒரு பக்கம் நான் புடிச்சுக்கறேன்.”

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆனால் அது பொய் என்பது அப்போது எனக்குத் தெரியாது. முதல் தட்டை இரண்டு பேர் தூக்கும் வழக்கம் எங்களில் கிடையாது. அன்று தூக்கினார்கள். இடது பக்கம் அம்மா.

அதற்குப் பிறகு அத்தை நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதைப் போட்டுக் கொடுத்ததே பெரியம்மாதான். யாரோ உப்புப் போட்டு மாங்காய் கொண்டுவந்தார்கள். ஆணா பெண்ணா என்று பந்தயம் கட்டினார்கள். “ஏனுங்க ஏனுங்கன்னு கூப்புட்டே சாதிச்சுப்புட்டாரே,” என்று மாமாவைச் சீண்டினார்கள். அத்தை கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மாமா மட்டும் தம்பியை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றார்.

இரண்டு மாதம் கழித்து, கலைந்துவிட்டது என்று அம்மா உறவினர்களிடம் சொன்னார். அடுத்த தடவை பார்த்தபோது அத்தைக்கும் மாமாவுக்கும் தலையில் முடி இல்லை. பழனிக்கு வேண்டுதல் என்றார்கள். பாப்பா போனதற்காக வேண்டிக்கொண்டார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். மூன்று மாதம் ஆகுமுன் சொன்னது நான். பல நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் அத்தையிடமே கேட்டுவிட்டேன்.

“நான் சொன்னதுனாலதான் பாப்பா போயிருச்சுங்களா?”

மாமா தண்ணீர் கொண்டுவருவதாக எழுந்து போனவர், வெகுநேரம் வரவில்லை. அத்தை என்னை மடியில் இழுத்துக்கொண்டார்.

“ஒன்னாலதான் தாயி நான் ஒரு நாள் பூராம் புள்ளத்தாச்சியா இருந்தேன். இல்லாட்டி எனக்கு அது ஏது?”

அது மன்னிப்பா, வேறு ஏதாவதா என்று எனக்குப் புரியவில்லை. எதையும் நான்கு முறை யோசித்துவிட்டுச் சொல்லும் பழக்கமும், சொன்ன பிறகு சொல்லியிருக்கலாமா என்று யோசிக்கும் பழக்கமும் அன்று வந்தவை என்று நினைக்கிறேன். அப்படியும் இல்லாமலிருக்கலாம்.

அத்தை பிழைத்துவிட்டார். இரண்டு பேரும் இன்னும் நெருப்பெரிச்சலில்தான் இருக்கிறார்கள். போன மாதம் என் மகனுக்கு ஒரு கடுகுத் தலையணை அனுப்பினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா இந்தக் கதையைச் சொன்னார். குழந்தையின் தலைக்கு எதுவும் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வைக்கலாமா வேண்டாமா என்று நான்கு நாள் குழம்பி, வைக்காமல், பீரோவில் எடுத்து வைத்தேன். அத்தை போனில் கேட்டார்.

“என்ன தாயி, பையர் என்ன சொல்றாரு?”

“அப்ரூவ்டுங்க அத்தை,” என்று பொய் சொன்னேன்.

போனை வைத்துவிட்டு அந்தத் தலையணையை எடுத்துப் பார்த்தேன். தையல் வெளிப்பக்கம்தான். கன்னத்தில் வைத்துத் தேய்த்தேன், எங்கும் உறுத்தவில்லை. அன்று மாமா கன்னத்தில் வைத்துப் பார்த்ததும் ஒரு குழந்தையை நினைத்துத்தான் என்று இருபது வருடம் நம்பியிருந்தேன். உறுத்துகிறது என்று வாய் திறக்காத இன்னொரு தோல், அப்போதுதான் ஆறிக்கொண்டிருந்த தோல், அந்த வீட்டில் இருந்தது எனக்குத் தெரியவில்லை.