முசே பேசாமல் நின்ற காட்சி

திரையில் அந்தப் பெண் பெரிய கூடத்தின் நடுவே தனியாக நின்றாள். முசே வாயைத் திறக்கவில்லை. பாகூரில் நாங்கள் கொட்டகை போட்ட மூன்றாம் நாள் அது. படங்கள் பேசாத காலம். திரையில் பிரெஞ்சு எழுத்து வந்து வந்து மறையும். அதைப் படித்துச் சனங்களுக்குத் தமிழில் கதை சொல்ல ஒருவர் திரையோரம் நிற்பார். எங்கள் கொட்டகையில் அந்த வேலை முசேயுடையது. அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசிப்பது என் வேலை. இரண்டு ஆண்டுகளில் அவர் பேச்சு நின்று நான் பார்த்ததே இல்லை.

புதுச்சேரி நகரத்தில் பத்திரம் பதியும் நொத்தேர் ஒருவரிடம் எழுத்தராக இருந்தவர் அவர். வெள்ளைக்காரத் துரைமாரைக் கூப்பிடும் சொல்லாலேயே ஊர்ச்சனம் அவரை 'முசே' என்று கூப்பிட்டது, அவர் மறுக்கவில்லை. வயது ஐம்பத்தைந்து இருக்கும். மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகளைக் கடல் கடந்து சைகோனில் பிரெஞ்சு உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். வீட்டில் பேச ஆளில்லாததால்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று என்னிடம் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். திருடனுக்கு ஒரு குரல், போலீசுக்கு ஒரு குரல், பெண்ணுக்கு ஒரு குரல். குதிரை ஓடினால் குதிரைக்கும் குரல் கொடுப்பார்.

அந்தப் படம் ஒரு திகில் படம். கணவன் வெளியூர் போயிருக்கிறான். மாளிகை போன்ற வீட்டில் மனைவி மட்டும். யாரோ ஒருவன் உள்ளே நுழையப் பார்க்கிறான். வில்லியனூரில் அதே படத்தை ஒரு வாரம் ஓட்டினோம். அங்கே முசே, "வர்றான் பாருங்க, கதவாண்ட வந்துட்டான்!" என்று முழங்க, நான் கட்டைகளில் விரலை ஓடவிட, கொட்டகையே அலறியது. அந்த அலறலில் படத்தை நாங்கள் இருவருமே சரியாகப் பார்க்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

பாகூரில்தான் பார்த்தேன். படம் எடுத்தவன் காமிராவை மாடிப்படியின் உச்சியில் வைத்திருந்தான். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் அவள் கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரிந்தாள், மிச்சமெல்லாம் வெறுந்தரை. அடுத்து ஒரு கதவு, அதற்குள் இன்னொரு கதவு, அதற்குள் இன்னொன்று. கடைசிக் கதவுக்கு அப்பால் அவள் முதுகு. பிறகு சாப்பாட்டு மேசை. எதிரே ஆள் இல்லாத நாற்காலி. சன்னல் கம்பிகளின் நிழல் அவள் முகத்தில் கோடு கோடாக விழுந்தது. திருடனை இன்னும் காட்டவே இல்லை. முசேயின் பேச்சு நின்றதும் என் விரல்களும் தாமாக நின்றுவிட்டன. படம் ஓட்டும் எந்திரத்தின் கடகடப்பு மட்டும் கேட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ மெல்ல, "ஐயோ, அவ கூட யாருமே இல்லியே" என்றாள்.

அதற்குப் பிறகுதான் சீழ்க்கையும் கூச்சலும். கொட்டகை முதலாளி ஓடி வந்தார்.

"ஊமைப் படத்துக்கு ஊமையா நிக்கவா உன்ன வச்சிருக்கேன்? இன்னாய்யா ஆச்சு உனக்கு?"

"அந்தப் பொண்ணு தனியா இருக்குது மொதலாளி. நான் பேசினா அதுக்குத் தொணைக்கு ஆள் இருக்கற மாதிரி ஆயிடும்" என்றார் முசே.

முதலாளிக்கு அது விளங்கவில்லை. நாளைக்குப் பேசாவிட்டால் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஏரிக்கரையில் முசே ஒரு கடிதத்தை என் கையில் கொடுத்தார். மகள் எழுதியது, முந்தின நாள்தான் வந்திருந்தது. மாப்பிள்ளை வேலையாக ஆற்று வழியே உள்நாட்டுக்குப் போனால் திரும்ப ஒரு மாதம் ஆகிறதாம். சுற்றியிருப்பவர்கள் பேசும் பாஷை அவளுக்குத் தெரியாதாம். வீட்டில் எட்டுக் கதவு இருக்கிறது, காலையில் எட்டையும் திறக்கிறேன், மாலையில் எட்டையும் சாத்துகிறேன், நடுவில் செய்ய ஒன்றும் இல்லை அப்பா என்று எழுதியிருந்தாள்.

"இதுக்கு முன்னாடியும் இதே மாதிரி நாலு கடுதாசி வந்துச்சு தம்பி. தைரியமா இரு, எல்லாம் பழகிடும்னு பக்கம் பக்கமா எழுதிப் போட்டேன். நேத்து படியோட உச்சியிலேர்ந்து அந்தப் பொண்ணக் காட்டினான் பாரு, அங்க நின்னு பாக்கறது யாரு? யாருமே இல்ல. நாம பாக்கறோம், ஆனா நாம அந்த வூட்ல இல்ல. நானும் இத்தினி நாளா எம்பொண்ண அங்கேர்ந்துதான் பாத்துக்கினு கத சொல்லிக்கினு இருந்திருக்கேன்."

கடிதத்தை மடித்து அவரிடம் நீட்டினேன். "சைகோனுக்குப் போறீங்களா முசே?" என்று கேட்டேன். தலையசைத்தார்.

அன்று மாலை முதலாளியே திரையோரம் நின்று கதை சொன்னார். மூன்று வாரம் கழித்துப் புதுச்சேரிக் கடற்பாலத்தில் முசேயை வழியனுப்பினேன். தூரத்தில் நின்ற கப்பலுக்குப் படகில் போனார். ஒரு வார்த்தையாவது எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கடிதம் எதுவும் வரவில்லை. படங்கள் பேசத் தொடங்கின. ஆர்மோனியத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. நான் என் சொந்த ஊரான பாகூரிலேயே தங்கி எங்கள் கரும்பு நிலத்தைப் பார்த்துக்கொண்டேன். எப்போதாவது நகரத்தில் படம் பார்க்கப் போவேன். யாராவது ஒருத்தி தனியாக அழும் காட்சியில் பின்னால் பிடில்கள் சேர்ந்து அழும்போது, வாசிப்பை நிறுத்தச் சொல்லி யாரிடம் கேட்பது என்று முன்பு முசே நிற்கும் என் வலப்பக்கம் திரும்பிப் பார்ப்பேன். அங்கே முன்பின் தெரியாத ஒருவர் வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார்.

யுத்தம் முடிந்து கப்பல்கள் மறுபடியும் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு நாள் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி என் பெயரை விசாரித்துக்கொண்டு வந்தாள். முசேயின் மகள். கணவனோடு ஊர் திரும்பியிருந்தாள். முசே அவளோடு பதினொரு வருஷம் இருந்துவிட்டு அங்கேயே காலமாகிவிட்டார் என்றாள். என் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தாள். அவர் போய் இறங்கிய நாளைப் பற்றிச் சொல்லச் சொன்னேன்.

"கப்பல்ல வர்றப்போ அத்தினி நாளும் இன்னா பேசலாம்னு யோசிச்சிக்கினே வந்தாராம் அண்ணே. எறங்கி வந்தவரு எம்மூஞ்சியப் பாத்துக்கினே நின்னாரு. சனம் இடிச்சிக்கினு போவுது, அவரு நவுரல. அவரு வாயிலேர்ந்து ஒரு பேச்சு வரல. அப்புறம் 'சாப்டியாம்மா?'ன்னு கேட்டாரு. அவ்ளோதான். நான் காலையிலேர்ந்து சாப்பிடல அண்ணே. அது எப்பிடித்தான் அவருக்குத் தெரிஞ்சுதோ."