ஸ்டெல்லா அக்காவின் நான்காவது வில்

புதன்கிழமை காலை கழக்கூட்டம் சிக்னலில் பேருந்துக்குள் நின்றுகொண்டிருந்தபோது பினு ஃபோனில் அழைத்தார். "சேச்சி போயி, சாரே" என்றார். எந்தச் சேச்சி என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. பாறசாலை வீட்டில் வேலைக்குக் கிளம்பி, வாசல்படியில் செருப்பு மாட்ட உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. நான் அலுவலகத்துக்குப் போய், ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து எழுந்து, அதன் பிறகே விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

இதைப் படிக்கும் பலருக்கு ஸ்டெல்லா அக்கா, லிஃப்ட் நின்றுபோனால் கூப்பிடுகிற ஆள். நம் ஐ.டி. வளாகத்தின் பராமரிப்பு மேற்பார்வையாளர். பினு உட்பட ஆறு எலக்ட்ரீஷியன்கள் அவருக்குக் கீழே. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம், வெளியே நின்று மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே கதவைத் திறப்பார். அவர் வில் செய்யப் பழகினார் என்பது அதிகம் பேருக்குத் தெரியாது.

ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் உள்ள கருவி அறையில் ஒருநாள் நீளமான பாக்குமரத் துண்டு ஒன்றை அவர் சீவிக்கொண்டிருந்தார். எதற்கு என்றேன். "வில்லு. ஃபோன்ல ஒருத்தன் செய்யுதான். நம்மளுக்கு வருமான்னு பாக்கணும்." அப்போது அவருக்கு வயது ஐம்பத்துமூன்று, எனக்கு நாற்பத்தொன்று. மென்பொருள் சோதனைதான் என் வேலை. அதுவரை ஆணிகூட ஒழுங்காக அடித்ததில்லை. அடுத்த சனிக்கிழமையிலிருந்து நானும் போனேன். இருவருக்கும் சமமாகவே ஒன்றும் தெரியாது.

முதல் வில் நாண் ஏற்றும்போதே முறிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது முறியவில்லை, ஆனால் ஒருபக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றது. அதற்குள் வேலையின் முறை கொஞ்சம் பிடிபட்டிருந்தது. சுவரில் அறைந்த கட்டையின்மேல் வில்லை வைத்து, நாணில் கயிறு கட்டி, கப்பி வழியாக மெதுவாக இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளைகிறதா என்று தள்ளி நின்று பார்க்க வேண்டும். விறைப்பாக நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடிச்சில்லால் அங்கே மட்டும் சுரண்ட வேண்டும். பிறகு இன்னும் ஓர் அங்குலம் இழுத்துப் பார்க்கலாம். நான் அவசரப்படும்போது அக்கா சொல்வார்: "வளையுத எடத்தத் தொடாத. அது அதுக்க வேலையச் செய்யுது."

நான்காவது வில் முழுக்க அவருடையது. தன் வீட்டுத் தோட்டத்தில் விழுந்த பாக்குமரத்தைப் பிளந்து, ஒரு வருடம் நிழலில் உலர்த்திக் கொண்டுவந்திருந்தார். நாலு மாதம் சுரண்டினார். பதினெட்டு அங்குலம் வரை சீராக வளைந்தது. முழுசாக இழுக்க இன்னும் எட்டு அங்குலம் பாக்கி இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் விடுப்பில் இருந்தார். நான் பினுவிடம் சாவி வாங்கி, வில்லை எடுத்து வந்து, கொட்டகையருகே என் குழுவினரிடம் காட்டினேன். யாரோ "இழுத்துக் காட்டு" என்றார்கள். காதுவரை இழுத்தேன். கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே நார் பிரிந்து, இரண்டாகப் போயிற்று. ஒரு மரச் சிம்பு என் தாடையில் கீறியது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பினு கையில் ஃபோன் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை அக்கா முறிந்த துண்டுகளைக் கையில் வைத்துப் பார்த்தார். "கப்பியில மாட்டிப் பாத்தேன்க்கா. பதினஞ்சு இஞ்சுலேயே போயிடுத்து. மரத்துல ஏதோ கோளாறு" என்றேன். அவர் என் தாடையைப் பார்த்தார். "செரி" என்றார்.

அடுத்த வாரம் புதன்கிழமை மாலை, அறையைப் பெருக்கிக்கொண்டே கேட்டார்: "அந்த மரத்துல இன்னும் ரண்டு துண்டு வீட்டுல கெடக்கு. மரம் செரியில்லன்னா விறகுக்குக் குடுத்திரட்டா?"

ஒரு வருடம் உலர்ந்த மரம். "வேண்டாம்க்கா. கப்பியில இல்ல. நான்தான் கையால இழுத்தேன்" என்றேன்.

"எவ்வளவு?"

"காது வரைக்கும்."

"அப்போ மரத்துமேல குத்தமில்ல" என்று விளக்குமாற்றை மூலையில் சாய்த்தார். "வாற சனிக்கெழம ஒரு துண்டு கொண்டு வாறேன். மொதக் கோடு நீ போடு."

அந்த ஐந்தாவது வில் முறியவில்லை. அவர் வீட்டுத் தோட்டத்தில் வைத்து ஆளுக்கு ஓர் அம்பு விட்டோம். என்னுடையது இருபதடி போய் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் விழுந்தது. அவருடையது எங்கே போயிற்று என்று அரைமணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. அதில் அவருக்குச் சந்தோஷம்.

அடக்க ஆராதனை முடிந்து, பினுவும் நானும் தேவாலய வாசலில் பேருந்துக்காக நின்றோம். முறிந்த வில்லைப் பற்றிப் பேச்சு வந்தது. "அந்த வீடியோ ஞான் அன்னு வைகிட்டுதன்னெ சேச்சிக்கு அயச்சல்லோ, சாரே" என்றார் பினு. நான் இழுத்து முறித்ததை ஃபோனில் எடுத்து, அன்று மாலையே அனுப்பிவிட்டாராம். பார்த்துவிட்டு அக்கா, இதை வேறு யாருக்கும் அனுப்பாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

அப்படியென்றால் திங்கட்கிழமை நான் சொன்னது பொய் என்று, சொல்லும்போதே அவருக்குத் தெரியும். அதன் பிறகு ஒன்பது நாள் என்னோடு தேநீர் குடித்தார், சனிக்கிழமை அரத்துக்குப் பிடி போடச் சொல்லிக்கொடுத்தார். விறகுக்குக் கொடுக்கும் எண்ணம் அவருக்கு ஒருபோதும் இருந்திருக்காது என்றே இப்போது நினைக்கிறேன். அந்த ஐந்தாவது வில்லை அவர் வீட்டார் என்னிடம் தர முன்வந்தார்கள். வேண்டாம் என்றேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒன்பது நாள்.

என் குழுவில் ஒருவர், செய்யாத சோதனை ஒன்றைச் செய்ததாகக் குறித்திருக்கிறார். யார் என்பது எனக்குத் தெரியும். ஒரு வாரமாகிறது. திங்கட்கிழமை அவரிடம் போய், சோதனைப் பட்டியலில் மிச்சம் இருப்பதைச் சேர்ந்து பார்க்கலாமா என்று மட்டும் கேட்பேன்.